பேசும் பந்தும் பேசாத ரசிகர்களும்

பில்லியர்ட்ஸ் கடையின் பின்வாசலில் தொடங்கிய வரிசை, பேருந்து நிலையத்தையும் தாண்டி நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. யாரும் நகரவில்லை. முன்னால் நிற்பவன் மயங்கி விழுந்தால் நமக்கு ஓர் இடம் லாபம் என்று பின்னால் நிற்பவன் கண்ணாலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பின்னால் நிற்பவன் நான்தான். பெயர் ஃபானோர். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவன். மோட்டார் ஓடாவிட்டால் திறந்து பார்க்க வேண்டும் என்று அறிந்தவன். அந்த அறிவை அன்று பட்டறையிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

உள்ளே ஒரு பேஸ்பால் பந்து பேசிக்கொண்டிருந்தது.

எங்கள் சான் பெனித்தோ அணிக்குத் தேள்கள் என்று பெயர். அந்த ஆண்டு அவை ஒருவரையும் கொட்டவில்லை. வந்தவன் போனவன் எல்லாம் மிதித்துவிட்டுப் போனான். தொடர்ந்து பதினோரு தோல்வி. அணிக்குப் பயிற்சியாளர் ஒராசியோ ஒருவர்தான். ஆலோசகர்கள் ஊர் முழுக்க. சம்பளம் வாங்குகிறவர் அவர், விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள்.

தோற்ற மறுநாள் காலையில் மாதா கோயிலுக்கு எதிரே பூங்காவில் கூடி, மட்டை பிடிக்கும் வரிசையைத் திருத்துவோம். சண்டை எல்லாம் நான்காவது இடத்தைப் பற்றித்தான். முன்னே மூன்று பேர் தட்டுத்தடுமாறி மைதானத்தின் மூலைகளில் போய் நிற்பார்கள். நான்காமவன் ஓங்கி அடித்தால் எல்லோரும் ஓடி வந்து புள்ளி சேர்ப்பார்கள். அடிக்காவிட்டால் நின்றவர்கள் நின்றபடியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் நான்காமவன் நோர்லான். முதல் மூலையைக் காப்பவனும் அவன்தான். முப்பத்தைந்து வயது. அந்தப் பருவம் முழுக்க அவன் மட்டை காற்றைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அவன் என் மனைவியின் தம்பி என்பது அவனுக்கு ஆதரவான விஷயம் என்று ஊர் நினைத்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"யாதெரை நாலாவதா இறக்கணும்" என்பேன் நான்.

"யாதெரா? அவன் மட்டைய வீசுறது கொசு விரட்டத்தான்" என்பான் கசாப்புக்கடை சீலோ. "எல்வினைப் போடுங்கய்யா."

"எல்வின் ஓடுறதுக்குள்ள நமக்கு அடுத்த தேர்தல் வந்துரும்."

ரசிகர் மன்றத் தலைவர் தோன் எரிபெர்த்தோ. மருந்துக்கடை முதலாளி. இருவரும் முட்டாள்கள் என்று அவர் தீர்ப்புச் சொல்வார். நாங்கள் அவரைத் திட்டுவோம். இப்படி எத்தனையோ ஆண்டுகளாக ஒருவன் சொன்னதை இன்னொருவன் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

அந்த நேரத்தில்தான் புரோஃபசர் அமாதெயோ வந்து இறங்கினார். எந்தக் கல்லூரியின் புரோஃபசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேஸ்பால் பந்தைப் பேசவைப்பாராம். பக்கத்து மாவட்டத்து அணி ஒன்றைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டாராம். எந்த அணி? அதையும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்கு எங்களுக்கு நேரமில்லை. வரிசையில் இடம் போய்விடும்.

என் முறை வந்தது. சாம்பிராணி மாதிரி மணக்கும் கொபால் பிசின் புகைக்கு நடுவே புரோஃபசர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கூலியைத் தகர டப்பாவில் போட்டேன். பந்தைக் கையில் கொடுத்தார்.

"மனசுல இருக்கறதை எல்லாம் பந்துகிட்ட கொட்டுங்க. மிச்சம் வைக்கக்கூடாது. கொட்டினாத்தான் அது வாயைத் திறக்கும்."

கொட்டினேன். யாதெரை ஏன் நான்காவதாக இறக்க வேண்டும், நோர்லானை ஏன் அணியைவிட்டே துரத்த வேண்டும் என்று விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். சொல்லும் வேகத்தில் குடும்ப விஷயமும் கொஞ்சம் கலந்துவிட்டது. என் ஏணியை வாங்கிப் போன நோர்லான் திருப்பித் தராததையும் சொன்னேன். பந்து பொறுமையாகக் கேட்டது. புரோஃபசர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார்.

பிறகு பந்தைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"நாலாவது ஆள்... யா... யாதெர்னு சொல்லுதே."

எனக்குப் புல்லரித்தது.

"உப்பு ஏறினவன் ஒருத்தன் இருக்கானாம். முதல் மூலையில நிக்கிறான். அவன் பக்கத்துல என்னமோ தெரியுதுங்குது... ஏணி மாதிரி."

ஏணி. அதோடு நான் விழுந்தேன். ஊரில் யாருக்கும் தெரியாத என் ஏணி, இந்தப் பந்துக்கு எப்படித் தெரிந்தது? நானே சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"வெளிய மூச்சு விடக்கூடாது" என்றார் புரோஃபசர். "சொன்னீங்கன்னா அந்த உப்பு உங்க வீட்டுக்கு வந்து ஏறிக்கும்."

எங்கள் ஊரில் பீடைக்கு உப்பு என்றுதான் பெயர். வாயை இறுக மூடிக்கொண்டு வெளியே வந்தேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் பேஸ்பால் விஷயத்தில் என்னோடு ஒத்துப்போன ஒரே ஜீவன் அந்தப் பந்துதான்.

ஒரு வாரத்தில் பூங்கா அடங்கிப்போயிற்று. கூடினோம், உட்கார்ந்தோம், ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தோம். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது என்கிற புன்னகை. சீலோவும் அதே மாதிரி சிரித்தான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன். சர்பத் ஐஸ் விற்பவன் மட்டும் அழாத குறை.

"உங்க தொண்டை காய்ஞ்சாத்தான்யா எனக்குப் பொழப்பு. யாராவது யாரையாவது திட்டுங்களேன்" என்றான்.

இதற்கிடையில் தோன் எரிபெர்த்தோ பயிற்சியாளரிடம் போய் நின்றார். உப்பு ஏறிய ஆட்டக்காரன் யார் என்று பந்து பகிரங்கமாகச் சொல்லும், அவனை அணியைவிட்டு எடுக்க வேண்டும் என்றார். ஒராசியோ சலித்துப்போய் இருந்தார்.

"சனிக்கிழமை சொல்லட்டும். எடுத்துடறேன். அடுத்த தடவை தோத்தா அந்தப் பந்தையே திட்டிக்கோங்க, என்னை விட்டுடுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் நோர்லான் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாழையிலையில் மரவள்ளிக்கிழங்கும் பன்றித்தோல் வறுவலும் வைத்தாள் அவன் அக்கா ஸோய்லா. தொடவில்லை.

"என் பேரைத்தான் சொல்லும்க்கா" என்றான். "நாளையோட சரி. கோஸ்தா ரிக்கா போய் அன்னாசி வெட்ட வேண்டியதுதான். என் பொண்டாட்டிக்குக் குழந்தை பிறக்கறப்போ நான் எந்தத் தோட்டத்துல இருப்பேனோ."

ஸோய்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பெண்கள் சாஃப்ட்பால் ஆட்டங்களுக்கு நடுவர். பார்வையிலேயே ஆளை வெளியே அனுப்பிவிடுவாள்.

"ஏன்யா, உன் பந்து என்ன சொல்லுச்சு?"

"சொல்லக்கூடாது. உப்பு."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். அந்த 'ஓ'வோடு நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை காலை பூங்காவில் எள் போட இடமில்லை. புரோஃபசர் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். புகை போட்டார். பந்தைக் காதில் வைத்தார். பயிற்சியாளர் ஓரமாக நின்றார். நோர்லான் அவருக்குப் பின்னால், கையில் தொப்பியோடு.

"முதல் மூலை... நோர்... நோர்லான்" என்றார் புரோஃபசர்.

பாதிப் பேர் ஆரவாரம் செய்தார்கள். மீதிப் பாதி விழித்தார்கள். சீலோ வாயைத் திறந்தான். உப்பு ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். அந்த விழிப்பை நான் கவனிக்கவில்லை. ஸோய்லா கவனித்தாள். நடுவர் சட்டையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"ஒரு நிமிஷம் புரோஃபசர். இத்தனை பேர்கிட்டயும் பேசினது இந்த ஒரே பந்துதானே?"

"ஒரே பந்துதான் தாயி. ஒரே வாக்குதான்."

"அப்ப நாலாவது இடத்துக்கும் எல்லாருக்கும் ஒரே பேரைத்தான் சொல்லியிருக்கும்."

"அது ரகசியம். வெளிய வந்தா உப்பு ஏறிடும்."

"பதினோரு தோல்வி. இனிமே உப்பு ஏற இடம் எங்க இருக்கு?" கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "சரி, உங்க சட்டப்படியே போவோம். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழக்கூடாது, அதானே? எல்லாரும் ஒரே நேரத்துல கத்தட்டும். யார் காதுலயும் எதுவும் விழாது."

தோன் எரிபெர்த்தோ தாடையைச் சொறிந்தார். "சட்டப்படி இதுல தப்பு இல்லையே" என்றார்.

ஸோய்லா கையை உயர்த்தினாள். இறக்கினாள்.

ஒரே பெயராக இருந்திருந்தால் இடி மாதிரி விழுந்திருக்க வேண்டும். விழுந்தது மீன் சந்தை. அணியில் இருக்கிற பெயர், இல்லாத பெயர், மயாமிக்குக் குடிபோய்விட்டவன் பெயர் எல்லாம் காற்றில் மோதிக்கொண்டன.

"நீ என்னய்யா சொன்னே?" என்று சீலோவைக் கேட்டேன்.

"எல்வின். பந்து அப்படித்தானே சொல்லுச்சு?"

"என்கிட்ட யாதெர்னுச்சே. தலைவரே, உங்களுக்கு?"

தோன் எரிபெர்த்தோ எங்கோ பார்த்தார். "என் மாப்பிள்ளை" என்றார். அவர் மாப்பிள்ளை மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவன். பள்ளிக்கூடத்தோடு மட்டையைக் கீழே வைத்தவன். "என்னை ஏன்யா அப்படிப் பாக்குறீங்க? பந்து சொன்னா நான் என்ன பண்றது?"

"இப்ப, யாரை வெளிய அனுப்பணும்னு சொல்லுச்சோ அந்தப் பேர்" என்று ஸோய்லா மறுபடி கையை உயர்த்தினாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. ஸோய்லாவுக்குப் பக்கத்திலேயே நின்று நோர்லான் பெயரைக் கத்திவிட்டேன். பந்து வீசுகிறவன், பந்து பிடிக்கிறவன், பயிற்சியாளர், பயிற்சியாளரின் அம்மா என்று ஒரு பெயரும் மிச்சமில்லை. பந்து கைகாட்டிய அத்தனை பேரையும் அனுப்பினால் மைதானத்தில் புல் மட்டும்தான் ஆட வேண்டியிருக்கும்.

ஸோய்லா என் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் நோர்லான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தம்பி பேரையா உன் பந்து சொல்லுச்சு?"

"நான் எங்க சொன்னேன்? பந்துதான் சொல்லுச்சு."

"பந்துக்கு யாருய்யா சொன்னது?"

 கேள்வி என்னோடு நிற்கவில்லை. பூங்காவில் ஒவ்வொருவனும் தான் பந்திடம் கொட்டியதை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தான்.

"நான்தான் சொன்னேன்" என்றான் சீலோ மெதுவாக. "எல்வின், எல்வின்னு கால் மணி நேரம் சொன்னேன்."

"நானும் மாப்பிள்ளையைப் பத்தி ரெண்டு வார்த்தை..." என்றார் தோன் எரிபெர்த்தோ.

புரோஃபசர் பெஞ்சிலிருந்து இறங்கினார். பதறவில்லை.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? உங்க மனசுல இருந்ததைத்தான் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். இங்க உக்காந்து வருஷக்கணக்கா கத்தினீங்க, எவனாவது ஆமான்னு சொன்னானா? நான் சொன்னேன். அதுக்குத்தான் காசு."

அவர் அங்கே சொன்ன ஒரே உண்மை அதுதான். அதற்காகத்தான் சீலோவுக்குக் கோபம் வந்தது. பந்தைப் பிடுங்கி, கசாப்புக் கத்தியால் குறுக்கே அறுத்தான். தோல், தோலுக்குள் நூல், நூலுக்குள் ரப்பர். நாக்கு எங்கும் இல்லை. புரோஃபசர் தகர டப்பாவில் மிஞ்சியிருந்ததைக் கொட்டிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார். மிஞ்சியிருந்தது அதிகமில்லை.

"அப்ப நோர்லானை என்ன பண்றது?" என்றார் பயிற்சியாளர்.

"அவன் இங்கதான் நிக்கிறான். ஏன் அடிக்க மாட்டேங்கிறேன்னு இதுவரைக்கும் யாராவது அவன்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் ஸோய்லா.

ஒருவரும் கேட்டதில்லை. தம்பி பக்கம் திரும்பினாள். "நானும்தான் கேக்கலை" என்றாள். "ஏன்டா அடிக்க மாட்டேங்கிற?"

நோர்லான் தொப்பியைத் திருகினான்.

"பந்து தெரியலக்கா. விளக்கு போட்டுட்டா எல்லாம் மங்கலாயிடுது. வீசுறவன் கையை விட்டு வர்றப்போ ரெண்டாத் தெரியுது. நான் குத்துமதிப்பா நடுவுல வீசுறேன்."

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்றார் பயிற்சியாளர்.

"கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவீங்களே."

தோன் எரிபெர்த்தோவின் மருந்துக்கடை எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. அங்கே கண் பரிசோதிக்கும் பலகை சுவரில் தொங்குகிறது. கூட்டம் முழுக்கப் பின்னால் போயிற்று. நோர்லான் மேலே இருந்த பெரிய எழுத்தைப் படித்தான். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். எங்கள் தலைவர் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் உப்பு ஏறியவன் யார் என்று தேடிக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர் அவனை அனுப்பவில்லை. கண்ணாடி வரும்வரை உட்காரவைத்தார். வந்த பிறகு ஏழாவது இடத்தில் இறக்கினார். ரப்பர் பட்டையால் கண்ணாடியைத் தலையோடு இழுத்துக் கட்டிக்கொண்டு நோர்லான் ஆடினான். முதல் ஆட்டத்தில் இரண்டு தடவை சுத்தமாக அடித்தான். அன்றும் தோற்றோம். எங்கள் பந்து வீச்சு அப்படி. அதற்கு யாரும் உப்பு என்று பெயர் வைக்கவில்லை. கை சரியில்லை, பயிற்சி போதாது என்று சொன்னார்கள். கேட்க எவ்வளவு கசப்பாக இருந்தது தெரியுமா?

அந்தக் கசப்பைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். பந்தோ, பல்லியோ, பெட்டியோ, உங்கள் ஊரில் எது பேசுகிறது என்று எனக்குத் தெரியாது. அது சொல்கிற பதில் உங்களுக்கு இனித்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். கசந்தால் உண்மையாக இருக்கலாம். அதையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.