நாற்பது பேரின் பாஸ்வேர்டு

அரசாங்கத்திடம் நான் எதையும் மறைத்ததில்லை. கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தவன் நான்.

எட்டாம் வகுப்பு ஃபெயில். அதன் பிறகு பூந்தமல்லியில் லாரி கிளீனர், அம்பத்தூரில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை, புனேயில் ஓட்டல், மறுபடி அம்பத்தூர். எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. சோறு கிடைக்காத நாளில் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ரயில் ஏறிவிடுவேன், அவ்வளவுதான். கடைசியில் ஆவடிப் பக்கம், கம்பிவேலி போட்ட ஒரு வளாகத்தில் கான்ட்ராக்ட் பெயின்டர் ஆனேன். (எந்த வளாகம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புத்தி எனக்கு எப்படி வந்தது என்பதுதான் கதை.)

அங்கே பதினோரு மாதம் தாக்குப்பிடித்தேன். வேலை மேல் பக்தி எல்லாம் இல்லை. காரணம் ரெஜினா. கொரட்டூரில் ஒரு துணிக்கடையில் இருந்தாள். "ஒரே வேலையில ஒரு வருஷம் நில்லு. அப்பாகிட்ட நானே பேசறேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் அப்பா ஞானப்பிரகாசம் எங்கள் வளாகத்திலேயே கேட் பாஸ் கிளார்க். யாரையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலேதான் பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை நான் ஒரு பாஸ் நம்பர், அவ்வளவே.

பாஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தது. கூடவே புது ஃபாரமும் வந்தது. பயன்படுத்தும் சமூக ஊடகங்களை வெளிநாடு, உள்நாடு என்று தனித்தனியாக எழுத வேண்டுமாம். "கணக்கின் முழு விவரம்" என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே தடித்த எழுத்தில், மறைத்தால் பாஸ் ரத்து.

என்னோடு சேர்த்து நாற்பது பெயின்டர்கள். பத்தாவது பாஸ் பண்ணினவர்களும் இருந்தார்கள். ஆனால் ஊர் ஊராகச் சுற்றியதில், ஃபாரம் நிரப்புவதில் எனக்கு ஒரு பேர் உண்டு. அதனால் நாற்பதையும் நான்தான் நிரப்பினேன்.

"முழு விவரம்னா இன்னா மாமே?" என்று ஏழுமலை கேட்டான்.

"முழுன்னா முழுதான். பேரு, நம்பரு, பாஸ்வேர்டு."

"பாஸ்வேர்டு இன்னாத்துக்குபா?"

"பூட்டைக் காட்டிட்டு சாவிய ஒளிச்சு வெச்சா, அது மறைக்கிறதுதானே?"

இப்படி ஒரு மூளையை எட்டாம் வகுப்பில் எப்படி ஃபெயில் ஆக்கினார்கள் என்று எனக்கே வியப்பாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கவிழ்த்த பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்தேன். முப்பத்தொன்பது பேரும் வரிசையில் வந்து, பாவமன்னிப்பு கேட்பது போல என் காதில் பாஸ்வேர்டைச் சொன்னார்கள். கடைசியில் என்னுடையதை எழுதினேன். அரசாங்கம் தடை செய்த ஒரு ஆப்பையும் விடவில்லை. "தடை செய்யப்பட்டது. ஆனாலும் போனில் கிடக்கிறது" என்று குறிப்பு வேறு.

இரண்டு நாள் கழித்து பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், மீசையே பாதி உத்தரவு போடும். பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர் பாஸ்கர். கையில் ஃபைலோடு ஞானப்பிரகாசம்.

"படிங்க" என்றார் அதிகாரி.

ஞானப்பிரகாசம் ஆபீஸ் குரலில் எழுத்துக் கூட்டினார். "வெளிநாட்டு ஆப். பாஸ்வேர்டு... எம், ஓ, டி, டி, ஏ... மொட்டபாஸ்கர்."

பாஸ்கரின் தலையில் டியூப்லைட் பளபளத்தது.

"உள்நாட்டு ஆப். ஆர், ஈ, ஜி, ஐ..." நான்காவது எழுத்திலேயே என் சட்டை நனைந்துவிட்டது. மேலே ஓடும் ஃபேன் என் தலையில் விழக்கூடாதா என்று பார்த்தேன். அது சமர்த்தாகச் சுற்றியது. "...ரெஜினாஎன்உயிர்."

கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தார். அன்றுதான் நான் நம்பரிலிருந்து ஆளானேன்.

"பாஸ்வேர்டை எவன்யா கேட்டான்?" என்றார் அதிகாரி.

"ஃபாரம் கேட்டுச்சு சார். முழு விவரம்னு."

"நாப்பது பேரும் எழுதியிருக்கானுங்க!"

"நாப்பதும் என் கையெழுத்து சார்."

பாஸ்கர் முந்திக்கொண்டார். "இவன் பாஸை கேன்சல் பண்ணுங்க சார். ஃபைல் என்கிட்ட இருக்கட்டும். எவன் எவன் என்னைப் பத்தி இன்னா எழுதறான்னு நான் பாத்துக்கறேன்."

வேலை போயிற்று. ரெஜினாவும் போயாயிற்று. இனி இழக்க என்ன இருக்கிறது? ஆனால் முப்பத்தொன்பது பேர் என்னை நம்பிக் காதில் சொன்னார்களே. வாய் தானாகத் திறந்தது.

"தப்பு என்னுது சார். என் பாஸை எடுத்துக்குங்க. ஃபைல் மட்டும் இவர் கைக்குப் போகக்கூடாது. வெளிநாட்டுக்காரன் எட்டிப் பாத்தா அவனுக்கு ஏழுமலை யாருன்னு தெரியாது. டெல்லியில கீறவருக்கும் தெரியாது. பாஸ்கர் சார் பாத்தா, மறுநாள் காலையில ஏழுமலைக்கு வேலை இருக்காது."

அதிகாரி மீசையைத் தடவினார்.

"கணக்குப் பேரு கேக்க எனக்கு உத்தரவு இருக்கு. பாஸ்வேர்டு கேக்க இல்ல. இது வெளிய போனா மொதல்ல என் தொப்பிதான் போகும்" என்றவர் என்னிடம் திரும்பினார். "யோவ் பெயின்டர், இதை அழிக்க என்ன வெச்சிருக்க?"

பின் பாக்கெட்டில் பிரஷ் இருந்தது. வெளியே, கேட்டுக்கு அடித்துக்கொண்டிருந்த கறுப்பு எனாமல் இருந்தது.

பாஸ் பிரிவின் தரையில் நாற்பது ஃபாரங்களையும் பரப்பினோம். பாஸ்வேர்டு ஒன்றுக்கு ஒரே இழுப்பு. அவ்வளவு நேரான கோட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் அடித்ததில்லை. ஞானப்பிரகாசம் ஒவ்வொன்றாக எடுத்து, கயிற்றில் கிளிப் மாட்டிக் காயவைத்தார். ஜன்னல் முழுக்கப் பெயின்டர் தலைகள். ஏழுமலை விசில் அடித்தான். பாஸ்கர் ஒவ்வொரு கறுப்புக் கோட்டையும் நின்று பார்க்க வேண்டியிருந்தது. (கணக்குப் பேர்கள் அப்படியே நின்றன. இன்றும் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கும். அதை நான் ஜெயிக்கவில்லை.)

அன்று சாயங்காலம் கேட்டில் கொடுத்திருந்த போன்களை வாங்கினோம். நாற்பது பேரும் டீக்கடை வாசலில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினோம். எவனும் என் காதுப் பக்கம் வரவில்லை.

கடைசியாக எழுதியது என் ஃபாரம் என்று சொன்னேன் அல்லவா? பாஸ் பிரிவில் அழித்தபோதும் அதுதான் கடைசி. ஒரு கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தேன். ஞானப்பிரகாசம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மட்டும் ரெண்டு கோட் அடி."

அடித்தேன்.

பிறகு, அதிகாரியின் உத்தரவுப்படி என் பாஸில் முத்திரை குத்தி நீட்டினார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊட்டுக்கு வா. சட்டையில பெயின்ட் இல்லாம வா."

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. அண்ணனூரில் மாமனார் வீட்டுக் கதவை நான் தட்டினால், உள்ளே இருந்து இன்றைக்கும் அதே ஆபீஸ் குரல் கேட்கும்: "பாஸ்வேர்டு?"

தெருவே கேட்கிற மாதிரி நான் கத்த வேண்டும். "ரெஜினா என் உயிர்!" அப்புறம்தான் தாழ்ப்பாள் விலகும். ரெஜினா என்னோடு சண்டை போட்டுக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போன நாட்களிலும் அதேதான். "ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோன பாஸ்வேர்டு, மாமா. மாற்றிக்கொள்ளலாம்" என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனிதர் மசிவதாக இல்லை.