டின் சாத்திரியாரின் காது

மனிதருக்குச் சாதகம் பார்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். தகர டின்னுக்குச் சாதகம் பார்த்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஒஸ்லோவில், வெஸ்ட்லியில், எங்கள் அடுக்குமாடியின் ஏழாம் தட்டில் குடியிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் டின் சாத்திரியார். ஊரில் அவருடைய தகப்பனார் பெயர்போன சாத்திரியாராம். "அப்பா மனிசருக்குப் பாத்தவர். மனிசருக்கு உள்ளதைச் சொன்னால் கோவம் வரும். டின்னுக்கு வராது" என்பார். பதினைந்து வருடம் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, டின் வெட்டி, அந்தச் சத்தத்திலேயே படித்த படிப்பு அது.

டின்னைக் காதோடு ஒட்டிப் பிடிப்பார். இரண்டு தரம் ஆட்டுவார். நகத்தால் ஒரு தரம் சுண்டுவார். கண்ணை மூடுவார்.

"பட்டாணி. உப்புத் தண்ணியிலை கிடக்கு. இன்னும் மூண்டு வருசம் ஆயுசு."

வெட்டிப் பார்த்தால் பட்டாணிதான். மூன்று வருடம் வைத்துப் பார்க்கும் பொறுமை எங்களுக்கு இருக்கவில்லை.

நான் சொல்வது இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த காலம். ஸ்டோவ்னரில் இருந்து பஸ் எடுத்துப் போனால் ஒரு பழைய பண்டகசாலை வரும். அதன் நிலக்கீழ் அறையில் ஒரு கடை. லொறியில் நசிந்த பெட்டி, நெளிந்த டின், திகதி முட்டிய பிஸ்கற், திகதி தாண்டிய சொக்கிளேற், நத்தார் முடிந்தும் விலைப்படாத இனிப்பு, எல்லாம் அங்கே வந்து அரைவிலைக்கும் கால்விலைக்கும் போகும். வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. எங்களில் ஒருவரும் அதை வாசித்ததில்லை. எங்களுக்கு அது நெளிசல் கடை.

அந்தக் கடைக்குள் தமிழரைத் தமிழர் கண்டால் இரண்டு பேரும் சுவரைப் பார்ப்போம். தப்ப முடியாமல் நேருக்கு நேர் முட்டினால், "சும்மா பாக்க வந்தனான்" என்று ஒருவர் சொல்ல, "நானும் சும்மாதான்" என்று மற்றவர் சொல்வார். இரண்டு பேர் கையிலும் பை நிறைந்திருக்கும். சாத்திரியார் மட்டும் முழுகி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போவதுபோலத்தான் அங்கே போவார்.

நான் முதன்முதல் அங்கே போன அன்று ஒரு தட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிஸ்கற் எடுத்தேன். கடையின் அந்த மூலையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"தங்கச்சி! ஏழாம் மாடியிலை இருந்து பாத்தால் கட்டடம் வளையிற பக்கத்திலை உம்மடை குசினி தெரியும். ஒளியாதையும். அந்த பிஸ்கற்றை வையும், உறைக்குள்ளை காத்துப் போட்டுது. இஞ்சாலை வாரும், நல்லது காட்டுறன்."

அன்றிலிருந்து நான் ஒளிக்கவில்லை. ஒளித்துப் பயனும் இல்லை.

திகதியைப் பற்றி அவரோடு வாதாடி வென்றவர் கிடையாது. "இந்தத் திகதிக்கு முன்னம் நல்லது எண்டு எழுதியிருக்கு. ஓமோ? பின்னம் கூடாது எண்டு எழுதியிருக்கே? எழுதாததை ஏன் வாசிக்கிறியள்?" என்பார். நாங்கள் சிரித்தோம். இப்போது இந்த நாட்டுப் பால் பெட்டியிலேயே, திகதிக்குப் பிறகும் பெரும்பாலும் நல்லதுதான் என்று அச்சடித்து விற்கிறார்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றைக்கு அதை வாசித்துவிட்டுக் குடிக்கிறார்கள்.

அதற்காக எதையும் வாங்கிவிடுவார் என்று நினைக்கவேண்டாம். "இடுப்பிலை நெளிவு பயமில்லை. ஏழரைச்சனி மாதிரி, படுத்திப்போட்டுப் போயிடும். விளிம்பு மடிப்பிலை நெளிவெண்டால் எடுக்காதையும். வயிறு ஊதினதெண்டால் கிட்டவும் போகாதையும். அது கதை முடிஞ்சுது." அவர் சொல்லி வாங்கிய டின்னால் எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் வயிற்றைக் கலக்கியதில்லை. புத்தம் புதிதாக முழுவிலை கொடுத்து வாங்கிய இறாலால் கலக்கியிருக்கிறது.

வாங்கிய டின்களை அவர் குழந்தை வண்டிலில் வைத்துத்தான் கொண்டுவருவார். அந்த வண்டிலும் யாரோ வீசியது. குளிரில் டின் உறைந்துவிடும் என்று கம்பளியால் மூடியிருப்பார். ஒருநாள் டி-பானா ரயிலில் ஒரு நோர்வேஜியக் கிழவி குனிந்து, கொஞ்சுவதற்கு விரலை நீட்டிக்கொண்டு, "எத்தனை மாதம்?" என்று கேட்டாள். சாத்திரியார் கம்பளியை விலக்கி, மேலே கிடந்த தக்காளி டின்னின் அடியை வாசித்துவிட்டு, "எட்டு மாதம் கழிஞ்சுது" என்று மரியாதையாகச் சொன்னார். கிழவி அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டாள். அது அவள் இறங்கவேண்டிய இடமோ தெரியாது.

அவர் வீட்டுத் தைப்பொங்கலுக்குப் போனால் பொங்கலோடு நத்தார் இனிப்பும் தருவார்கள். பாதாம் பருப்பை அரைத்துப் பன்றிக்குட்டி போலப் பிடித்த இனிப்பு. ஒரு வருடம் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது, நான் விரதம். பன்றி என்னைப் பார்த்தது, நான் பன்றியைப் பார்த்தேன்.

"பாதாம்தான் தங்கச்சி. கண்ணை மூடிக்கொண்டு கடியும்."

"அதுக்கும் கண் இருக்கெல்லோ அண்ணை!"

இப்படிச் சிரித்துக்கொண்டே நாட்கள் போயின. பிறகு வந்தது என் நேர்த்திக்கடன்.

இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, முதுகில் சத்திரசிகிச்சை செய்தார்கள். எழும்பி நடப்பாரோ மாட்டாரோ என்று எனக்குப் பயம். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே, "முருகா, இவர் தன்ரை காலாலை நடந்து உன்ரை வாசலுக்கு வந்தால், தைப்பூசத்துக்கு வாற சனம் எல்லாத்துக்கும் பாயாசம் குடுப்பன். ரெண்டாந்தரம் கேக்கிறவைக்கும் இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்று வேண்டிவிட்டேன்.

முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். இவர் நடந்தார். நடந்துகொண்டே கேட்டார்: "ரெண்டாந்தரம் எண்டு ஏன் சொன்னனீர்? ஒருதரம் எண்டால் முருகன் மாட்டனெண்டே சொல்லியிருப்பான்?"

அந்த வருடம் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலுக்கு வரும் சனம் முந்நூறுக்குக் குறையாது. இவர் இன்னும் அரைநேர வேலைதான், வீடும் புதிதாக வாங்கியது. பாயாசத்துக்குத் தேங்காய்ப்பால் மட்டும் நாற்பது ஐம்பது டின் வேண்டும். பாதியில் முடிந்து, நீட்டிய குவளையை ஒருவர் வெறுமையாகத் திருப்பி எடுத்தாலும் என் நேர்த்தி பிழையாகிவிடும். மூன்று நாள் நித்திரையில்லை. சாத்திரியாரிடம் சொன்னேன்.

"தேங்காய்ப்பால்தானே? வாரும்" என்றார்.

நெளிசல் கடையில் ஒரு பெரிய பெட்டி நிறைய டின்கள் கிடந்தன. எங்கேயோ தண்ணீரில் ஊறி, ஒட்டிய கடதாசி முழுக்கக் கழன்று, எல்லாம் அம்மணமாகக் கிடந்தன. "பெரும்பாலும் தேங்காய்ப்பால், வேறும் கலந்திருக்கும், எனக்குத் தெரியாது, பெட்டியோடு எடுத்தால் இந்த விலை" என்றார் கடைக்கார நோர்வேஜியர். அந்த மலிவைக் கேட்டு நான் முருகனை நினைத்துக்கொண்டேன்.

சாத்திரியார் ஒரு டின்னை ஆட்டினார். முகம் சுருங்கியது. "குளிருக்குத் தேங்காய்ப்பால் கட்டியாப் போச்சு. கதைக்குதில்லை."

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பமாட்டேன். கோட்டின் பொத்தானைக் கழற்றி, இரண்டு கமக்கட்டுக்குள்ளும் ஒவ்வொரு டின்னை வைத்து, கோழி அடைகாப்பதுபோல ஒரு பெட்டியின் மேல் குந்தினார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து ஆட்டினார். "இது தேங்காய்ப்பால். இது பீச்சுப்பழம்." அடுத்த இரண்டு. கடைக்காரர் வந்து, சுகமில்லையா என்று கேட்டார். நான் என்னால் முடிந்த நோர்வேஜிய மொழியில் விளக்கினேன். அந்த மனிதர் தன் மேசைக்கடியில் இருந்த ஹீற்றரை இழுத்துக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் ஒரு டின்னை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.

தேங்காய்ப்பால் ஒரு பெட்டியிலும் மற்றவை ஒரு பையிலும் சேர்ந்தன. எல்லாம் முடியப்போகிற நேரத்தில் சாத்திரியார் ஒரு டின்னை இரண்டு தரம் ஆட்டினார். மூன்றாம் தரமும் ஆட்டினார். என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் அதைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் கண்டுவிட்டேன்.

வழிமுழுக்க அதுதான் என் நெஞ்சில் குத்தியது. கேட்டால் பத்து டின் கொடுத்திருப்பேனே! முருகனுக்கென்று வாங்கியதில் கைவைக்கலாமா? எங்கள் வீட்டில் கோட்டைக் கொழுவிவிட்டு அவர் குசினியில் இவரோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, நான் பைக்குள் கையை விட்டேன். இடுப்பில் நெளிந்த டின். எடுத்துத் தேங்காய்ப்பால் பெட்டிக்குள் வைத்தேன். அவருடைய காதை நான் முழுக்க நம்பினேன், கோட்டுப் பையைத்தான் நம்பவில்லை. "முருகா, உன்ரை பங்கை மீட்டுத் தந்திட்டன்" என்று சாமிப்படத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

தைப்பூசம். கோயில் மடைப்பள்ளியில் பெரிய கிடாரத்தில் சவ்வரிசி கொதிக்கிறது. சமையலுக்குப் பொறுப்பான மாமி டின்களை ஒவ்வொன்றாக வெட்டி, எட்டிப்பார்த்து, ஊற்றுகிறா. பால் வெள்ளையாக இறங்குகிறது. எனக்குக் கண் கலங்குகிறது. அப்போது மாமி கையை நிறுத்தினா.

"இஞ்சை பார் பிள்ளை! ஆரோ மோதகத்தை டின்னிலை அடைச்சு வித்திருக்கிறாங்கள்!"

வெள்ளை வெளேரென்று உருண்டைகள். மாமி ஒன்றை எடுத்து மணந்தா. அடுத்த கணம் மாமியின் சத்தம் மூலஸ்தானம் வரைக்கும் கேட்டது. "ஐயோ, மீன்!"

இந்த நாட்டுச் சனம் வெள்ளைக் குழம்போடு சாப்பிடுகிற மீன் உருண்டை. தைப்பூசத்தன்று, முருகன் மடைப்பள்ளியில், என் உபயத்தில்.

எல்லாக் கண்ணும் என்னைத் தேடியது. மாமியின் கையில் இருந்த டின்னைப் பார்த்தேன். இடுப்பில் நெளிவு. வாசலில் சாத்திரியார் நின்றார். டின்னைப் பார்த்தார். அப்போதுதான் நினைவு வந்ததுபோலக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். வெறும் பை. என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அது என்ரை பிழை" என்று முன்னுக்கு வந்தார். "நான்தான் ஆட்டிப்பாத்துக் குடுத்தனான். காது பிழைச்சுப் போச்சு. இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

ஐயர் வந்தார். கிடாரத்துக்குள் ஏதும் விழுந்ததா என்று மாமியைக் கேட்டார். ஒரு சொட்டும் இல்லை என்றா மாமி. "தெரியாமல் நடந்தது" என்று ஐயர் மந்திரம் சொல்லி எங்கும் தீர்த்தம் தெளித்தார். நிலத்தைக் கழுவினோம், மாமி உடுப்பு மாற்றி வந்தா, மிச்ச டின்களையும் வெட்டி ஊற்றினா. அத்தனையும் தேங்காய்ப்பால். முந்நூறு பேரும் குடித்தார்கள், இரண்டாந்தரமும் கேட்டார்கள், ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. சாத்திரியார் மூன்று தரம் கேட்டார்.

அடுத்தநாள் ஏழாம் மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்தவுடன் அழுகை வந்துவிட்டது.

"ஏன் அண்ணை கடையிலை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"மீன் எண்டு சொன்னால் நீர் என்ன செய்திருப்பீர்?"

யோசித்தேன். உள்ளதைச் சொன்னேன். "பெட்டியோடை விட்டிட்டு வந்திருப்பன்."

"அதுதான்."

"நான் கோயிலிலை போய்ச் சொல்லுறன் அண்ணை. உங்களிலை பிழையில்லை எண்டு."

"விசரே உமக்கு? களவெடுக்கிறன் எண்டு நினைச்சு நான் போட்டதை நீர் எடுத்தனீர் எண்டு ஊர் முழுக்கச் சொல்லப்போறீரோ? உம்மடை நேர்த்தி முடிஞ்சுது. அவர் நடக்கிறார். காணும். இந்தக் காதே எனக்குச் சோறு போடுது? பொத்திக்கொண்டு இரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கோயிலிலை இருந்து கொண்டுவந்த அந்த மீன் ராத்திரி முழுக்கப் பல்கனியிலை பனிக்குள்ளை கிடந்தது. இண்டைக்குக் குழம்பு வைச்சனான். திறம்" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு மீன் சாத்திரியார் என்று பெயர் மாறியது. ஒருவரும் ஆட்டிப்பார்க்கச் சொல்லி டின் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கோயிலில் கண்டால், "என்ன அண்ணை, இண்டைக்கு மோதகம் என்ன மீன்?" என்று பகிடி பண்ணினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் என் டின்களை ஏழாம் மாடிக்குக் கொண்டுபோனேன், கடதாசி ஒட்டியிருந்த டின்னையும் உரித்துவிட்டுக் கொண்டுபோனேன்.

வருடங்கள் போய்விட்டன. இன்றைக்கு எழுதுகிறேன், எல்லாரும் அறியட்டும்: அந்தக் காது பிழை விடவே இல்லை. பிழை விட்டது என் மனம்.

சாத்திரியார் இப்போது துரொண்ட்ஹெய்மில் மகளோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். சுகம் விசாரித்து முடிய, "ஏதும் டின் கிடக்கே? ஆட்டிக் காட்டும்" என்பார். போன கிழமை ஒன்றை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். "தேங்காய்ப்பால்" என்றார். என் கையில் இருந்தது பட்டாணி. "அச்சொட்டு அண்ணை" என்றேன். "பாத்தீரே, காது இன்னும் போகேல்லை" என்று சிரித்தார். சாமிப்படத்தில் முருகன் கேட்டுக்கொண்டுதான் நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. சாத்திரியாரின் மகளே, இதை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது, இந்தக் கடைசிப் பந்தியை மட்டும் விட்டுவிடு.