பஞ்சு வடிகட்டியும் கறுப்புப் பட்டியலும்

நோர்ஷோப்பிங்,
மே மாதத்து மழை நாள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய குனில்லா சித்திக்கு,

உங்கள் அக்கா மகன் சிக்ஸ்டன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். எங்கள் இணைய முகவரிக்குத்தான் உடம்பு சரியில்லை. விஸ்பியில் நீங்களும், உங்கள் ரொட்டிக்கடை அடுப்பும், அடுப்பைவிடச் சூடான உங்கள் கோபமும் நலமாக இருப்பதாக நம்புகிறேன்.

கோடைக்குக் கடையில் ஆள் எடுக்கிறீர்கள், அக்கா மகனானாலும் எழுதித்தான் கேட்க வேண்டும் என்றீர்கள். நான் மின்னஞ்சல் எழுதினேன். பதில் வராததால் மறுபடியும் எழுதினேன். நீங்களோ அம்மாவைப் போனில் கூப்பிட்டு, "எழுதினேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க, மாசக் கடைசிக்குள்ள வரலேன்னா வேற பையனை எடுத்துடுவேன்" என்றீர்களாம். வேறு முகவரியிலிருந்து அனுப்பலாம்தான். ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு அரண்மனைச் சமையலறை என்ற பொய்ப் பெயரில் யாரோ உங்களிடம் நாலாயிரம் குங்குமப்பூ பன் கேட்டு எழுதியதிலிருந்து, தெரியாத முகவரி எதையும் நீங்கள் திறப்பதில்லை. அதை அனுப்பியவர் யாரென்று இன்றுவரை துப்புக் கிடைக்கவில்லை. ஆகவேதான் இந்தக் காகிதம், இந்தத் தபால்தலை.

நடந்தது இதுதான். எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் டோர்கெலைத் தெரியுமல்லவா, நிலவறையில் சலவை அறைக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு அஞ்சல் கணினி வைத்திருக்கிறாரே, அவர்தான். கட்டடத்தில் யார் கடிதம் அனுப்பினாலும் அதன் வழியாகத்தான், ஒரே ஐபி எண்ணில்தான் வெளியே போகும். டோர்கெலும் அதிலிருந்துதான் தினமும் எல்லாருக்கும் எழுதுவார்: துணி உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் யாரோ பஞ்சை எடுக்காமல் போய்விட்டார்கள் என்று, பஞ்சின் புகைப்படத்தோடு. இது போதும் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. லிஃப்டில் பார்த்தால் ரொம்ப உபயோகமான கடிதம் என்று நன்றி சொல்வார்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, 'வேண்டாத அஞ்சல்' என்ற பொத்தானைச் சத்தமில்லாமல் அமுக்குவார்கள். தான் ஒருவர் அமுக்கினால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அந்தப் பொத்தானோ வெளியே எங்கேயோ கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு எங்கள் எண் கறுப்புப் பட்டியலுக்குப் போனது. அதில் இருக்கும் எண்ணிலிருந்து வரும் அஞ்சலை வெளியே யாரும் உள்ளே விடுவதில்லை.

மூன்றாம் மாடி இல்வா தன் தங்கைக்கு எழுதிய சமாதானக் கடிதம் போய்ச் சேராமல் சண்டை முற்றியது. என் கட்டுரை போய்ச் சேராததை ஆசிரியர் இந்த வருஷத்தின் சிறந்த சாக்கு என்று பாராட்டினார். எந்தெந்தக் கறுப்புப் பட்டியலில் இருக்கிறோம் என்று காட்டும் ஒரு சோதனைப் பக்கத்தில் எங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வரிசையாகப் பச்சை, நடுவில் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. டோர்கெலிடம் காட்டினேன். யாரோ திருடன் கணினிக்குள் புகுந்துவிட்டான் என்று முடிவுகட்டிக் கடவுச்சொல்லை மாற்றினார், கூடவே சலவை அறைப் பூட்டையும் மாற்றினார். பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பித்தபோது, என்ன தவறு நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று பட்டியல்காரர்கள் கேட்டிருந்தார்கள். டோர்கெல் பஞ்சைப் பற்றி விரிவாக எழுதினார். நிராகரித்துவிட்டார்கள்.

பிறகு காப்பியும் பன்னும் வைத்துச் சங்கக் கூட்டம். எல்லாருக்கும் காரணம் தெரியும், எல்லாரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கோடை கைநழுவிக்கொண்டிருந்தது.

"திருடன் யாரும் வரலை டோர்கெல்," என்றேன். "உங்க கடிதத்தை வேண்டாம்னு அமுக்கினது நாங்கதான்."

இல்வா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் ஒரு தடவைதான்," என்றார் இல்வா. நானும் ஒரு தடவைதான் என்று மேஜை முழுக்கச் சுற்றி வந்தது.

"ஒரு தடவைன்னா, ஒரு கடிதத்துக்கு ஒரு தடவையா?" என்று கேட்டார் டோர்கெல். எல்லாரும் இரண்டாவது பன்னை எடுத்தார்கள். "அப்போ லிஃப்ட்ல நன்றி சொன்னீங்களே?"

"நன்றி நிஜம்தான் டோர்கெல்," என்றாள் அம்மா. "படிக்கலை, அவ்வளவுதான்."

மனிதர் நல்லவர், சித்தி. கொஞ்ச நேரம் பன்மேல் இருந்த சர்க்கரை மணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மறுநாள் விண்ணப்பத்தில், "நான் அளவுக்கு மீறி எழுதினேன், இனி எழுத மாட்டேன்" என்று போட்டார். பட்டியல்காரர்களிடமிருந்து பதிலே வரவில்லை. இன்று காலை பார்த்தேன்: மேலிருந்து கீழ்வரை பச்சை. ஆகவே என் விண்ணப்பம் இன்றே மின்னஞ்சலில் முறைப்படி வந்து சேரும். அது நான் எழுதியதுதான் என்பதற்கு இந்தக் கடிதம் சாட்சி.

உங்கள் கைக்கு மாவும், கடைக்குக் கூட்டமும், எனக்கு உங்கள் மன்னிப்பும் குறையாமல் இருக்கட்டும். அம்மாவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

பணிவுள்ள,
சிக்ஸ்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒரு செய்தி. பச்சையைப் பார்த்த சந்தோஷத்தில் டோர்கெல் எல்லாருக்கும் நன்றி சொல்லி நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், சுத்தமான வடிகட்டியின் புகைப்படத்தோடு. லிஃப்டில் எல்லாரும் பாராட்டினார்கள். இப்போது பார்த்தேன், மறுபடி சிவப்பு. மின்னஞ்சல் வராது, இதையே விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த முறை நான் அமுக்கவே இல்லை, சித்தி. அமுக்கியிருந்தாலும் ஒரு தடவைதான்.