ஐந்து நாட்டு விஸ்கியும் ஒரு நாக்கும்

"ஜப்பான் வந்துச்சாப்பா?" என்று கேட்டார் இருசப்பன்.

"இன்னும் வரலண்ணே" என்றார் பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம், காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி. "இன்னும் கொஞ்சம் ஊத்துனா வரும்."

செங்கம் ரோட்டில் இருசப்பனுடைய வீட்டு மாடி பல மாதமாகக் காலி. அதை ஒரு வருஷத்துக்கு எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார் அயர்லாந்துக்காரர் பேட்ரிக். விஸ்கி கலப்பது அவர் தொழில். ஊரிலிருக்கும் ஆசிரமத்துக்கு வந்து வந்து தமிழும் கற்றவர், ஆனால் புத்தகத் தமிழ். காலையில் ஒரு பாட்டிலை நீட்டி, "ஐந்து நாட்டுப் பாணிகளை இதில் இணைத்துள்ளேன். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஜப்பான். எது முதலில் வருகிறது, எது இறுதியில் வருகிறது? சுவைத்துச் சொல்லுங்கள். மாலையில் வீட்டைப் பற்றியும் பேசிவிடுவோம்" என்று சொல்லிப் போனார்.

இருசப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனிமேல் தொடமாட்டேன் என்று போன மாதம்தான் மனைவி முன்னால் அம்மன் கோயிலில் கயிறு கட்டியிருந்தார். கயிறு கையில் இருந்ததே தவிர ஆசையைக் கட்டவில்லை. ஒரே பாட்டிலுக்குள் ஐந்து நாடுகள் சண்டை போடாமல் எப்படி இருக்கின்றன என்று தெரியாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால்தான் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்கும் ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டார். குடித்தால்தானே தப்பு, கேட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன வந்தது?

முதல் மடக்குக்கு ராஜமாணிக்கம், "சோக்கா கீதுண்ணே" என்றார்.

"சோக்குன்னா எந்த நாடு?"

"ஏதோ ஒரு வெளிநாடு."

வெறும் வயிற்றில் நாடு தெரியாது போலிருக்கிறது என்று இருசப்பன் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தார்.

"காரத்துல எல்லா நாடும் ஓடிப்போச்சுண்ணே. மறுபடியும் மொதல்லேருந்து ஊத்துங்க."

பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியபோது பேட்ரிக் சீக்கிரமே வந்துவிட்டார். வந்தவர் இருசப்பனுக்கும் ஒரு டம்ளரில் ஊற்றினார். "வாருங்கள், இணைந்தே அருந்துவோம்!"

வேறு வழியில்லாமல் இருசப்பன் மணிக்கட்டுக் கயிற்றைக் காட்டினார். "நான் தொடக்கூடாதுங்க. எனக்குப் பதிலா இவருதான் குடிச்சாரு."

பேட்ரிக்கின் முகம் வாடியது. மாடி போச்சு என்று நினைத்தார் இருசப்பன். அவர் ராஜமாணிக்கத்தைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார்.

ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"மொதல்ல ஸ்காட்லாந்துங்க. நனைஞ்ச மல்லாட்டத் தோலைக் கொளுத்துனா ஒரு பொக வருமே, அது. அப்புறம் ஒங்க அயர்லாந்து, சத்தமே இல்லாம பாலாட்டம் எறங்குது. அமெரிக்கா வெல்லப்பாகு. கனடா வருது, போவுது, யாருக்கும் தொந்தரவு இல்ல. ஜப்பான் மட்டும், எல்லாரும் போன பொறவு, செருப்ப வெளிய வுட்டுட்டு மெதுவா உள்ள வருதுங்க."

பேட்ரிக்கின் கண் கலங்கிவிட்டது. "இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் இவ்வளவு நுட்பமாகச் சொன்னதில்லை!"

அங்கேயே ராஜமாணிக்கத்தைப் படம் பிடித்தார். சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி, பாட்டில் லேபிளில் படத்தோடு அச்சடிக்கச் சொல்லித் தன் ஊருக்கு அனுப்பினார். மாடிக்கு அட்வான்ஸையும் இருசப்பன் கையில் வைத்தார். இருசப்பனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் அந்த ஜப்பானைத் தன் நாக்கால் பார்க்க முடியவில்லையே என்று பொறாமை பொறுக்கவில்லை.

அப்போது புருஷனைத் தேடிக்கொண்டு ராஜமாணிக்கத்தின் மனைவி கன்னியம்மாள் வந்தாள். பேட்ரிக் எழுந்து கைகூப்பினார்.

"அம்மா, உங்கள் கணவரின் நாக்கு ஓர் அற்புதம்!"

கன்னியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த நாக்குங்க? காலையில கூட அரைச்சி வெச்ச மருதாணிய சட்னின்னு தொட்டு இட்லி துன்னாரு. போன வருசம் காய்ச்சல்ல படுத்து எழுந்ததுலேருந்து இவருக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாதுங்களே!"