பஸ் வராத கூரையும் டொக்கு மேஸ்திரியும்

அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாப் கூரைக்கு அடியில் இருந்தவர்கள்: பூ கட்டும் செல்வியக்கா. ஃபேக்டரியில் ரிட்டயரான பிலிப் சார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மூன்று பெண் பிள்ளைகள். அதில் நடுவில் நின்றது என் மகள். சிலிண்டர் போடும் ரஹீம் பாய். பேத்தமங்களாவிலிருந்து கீரை விற்க வரும் கன்னடக்கார அம்மா, அவர் இடுப்பில் கைக்குழந்தை. அப்புறம், அங்கே பஸ் வரும் என்று நிஜமாகவே நம்பிக் காத்திருந்த ஒரு வெளியூர்க்காரர். மொத்தம் ஒன்பது பேர், ஓர் ஆடு.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவு சுத்தமாகத் தலை எண்ணுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பழக்கம் டொக்கு மேஸ்திரி கொடுத்தது. கோலார் தங்க வயலில், பூமிக்கு அடியில் மைல் கணக்காக நிம்மதியாக நடந்துவிட்டு, பூமிக்கு மேலே பத்தடி நிம்மதியாக நடக்காத ஒரே மனிதர் அவர்தான்.

சுரங்கத்தில் அவர் டிம்பர் மேஸ்திரி. பாறையை வெடி வைத்துப் பிளந்த பிறகு முதல் ஆளாக உள்ளே போய், தலைக்கு மேலே இருப்பதைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார். ‘கிண்’ என்றால் பாறை கெட்டி. ‘டொக்’ என்றால் உள்ளே பொக்கை, எப்போது வேண்டுமானாலும் விழும். அங்கே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மரக்கட்டையை முட்டுக் கொடுப்பார். அவர் சரி என்ற பிறகுதான் மற்றவர்கள் உள்ளே காலை வைப்பார்கள். பிறகு சுரங்கத்தை மூடினார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். மேஸ்திரி கம்பியை மட்டும் கொடுக்கவில்லை.

தட்டாமல் அவர் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க பெங்களூர் போனவர், காபி வருவதற்குள் ஸ்டூல் போட்டு ஏறி அவர்கள் வீட்டு சீலிங்கைத் தட்டிவிட்டார். “பையன் கெட்டி. சீலிங்தான் பொக்கை” என்றாராம். கல்யாணம் நடந்தது. சீலிங்கை உடைத்துப் பூசிய பிறகு நடந்தது.

எங்கள் ஊரில் இவருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் மழை வெளியே நின்றாலும் உள்ளே நிற்காது. குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்க்கும். ஆனால் கான்ட்ராக்ட் வேலைகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ரோடு போடுவார்கள். சூடு ஆறுவதற்குள் பைப் புதைக்கத் தோண்டுவார்கள். மூடிய பிறகு, பைப்பை உள்ளே வைக்க மறந்துவிட்டோம் என்று மறுபடி தோண்டுவார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் நீரூற்று வைத்துப் பூங்கா கட்டினார்கள். ஒவ்வொன்றையும் மேஸ்திரி தட்டினார். ஒவ்வொன்றிலும் பெருக்கல் குறி விழுந்தது. மனு எழுதுகிற வழக்கம் அவருக்கில்லை. சாக்பீஸ்தான் அவருடைய மனு. ஒரே ஒரு தடவை, புதிதாகக் கட்டிய மேல்நிலைத் தொட்டியின் நாலு தூணையும் தட்டிவிட்டு, “கட்டினவன் வேலை தெரிஞ்சவன்பா, கிண்ணுன்னு கீது” என்று மனதாரப் பாராட்டினார். அந்தத் தொட்டியில்தான் இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

இவருக்கும் எனக்கும் எப்படி ஒட்டியது என்றால், நான் பயந்தவன். சாதாரணப் பயம் இல்லை. என் டீக்கடை வண்டியில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது பயம், அணைத்த பிறகு நிஜமாகவே அணைத்தோமா என்று பயம். மகள் அஞ்சு நிமிடம் தாமதித்தால் எனக்குப் பால் பொங்குவது தெரியாது. ஊரில் எல்லோரும் எனக்கு வைத்தியம் சொன்னார்கள். மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டினேன், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன், தர்காவில் தாயத்து வாங்கினேன். கழுத்தில் இடம் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

மேஸ்திரி ஒருவர்தான் என் பயத்தைக் கேட்டதும் சிரிக்காமல், “இன்னா பயம்? எங்க கீது? காட்டு” என்றார். காட்டினேன். சோப்புத் தண்ணீர் கரைத்து கேஸ் டியூப் முழுக்கத் தடவி, குமிழி வருகிறதா என்று முட்டிபோட்டுப் பார்த்தார். வரவில்லை. “இது சரி. அடுத்த பயத்த எடு” என்றார். அன்று மதியம் வரை என்னுடைய பதினோரு பயங்களைச் சோதித்தார். ஒன்பது கெட்டி, இரண்டு பொக்கை. அந்த இரண்டையும் ரிப்பேர் செய்தோம். அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள், அப்படித் தூங்கியதே இல்லை.

அந்தத் தைரியத்தில் ஒருநாள் கேட்டுவிட்டேன், உங்களுக்குச் சாமி நம்பிக்கையே கிடையாதா என்று. மேஸ்திரி டீயை ஆற்றினார்.

“தட்டிப் பாத்தேன் நைனா. சத்தம் வர்ல. பொக்கைன்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய்யி. சத்தமே வர்ல.”

“அப்ப எத நம்பிகினு கீறீங்க?”

“நான் சரின்னு சொன்ன எடத்துக்கு அடியில நாப்பது பேரு டிபன் டப்பாவத் தொறந்து, ஒருத்தன் கூட மேல பாக்காம சோறு துன்னுவான். அதுக்கு மேல இன்னா வேணும்?”

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் லைன் முனையில், என் வண்டிக்குப் பக்கத்தில், பஸ் ஸ்டாப் கட்டினார்கள். அந்த ரோட்டில் பஸ் கிடையாது. இனி வரும் என்றும் யாரும் சொல்லவில்லை. சிமெண்ட் கூரை, முன்பக்கம் தாங்க ஒரு விட்டம், உட்கார கிரானைட் பெஞ்சு. திறப்பு விழாவுக்கு வைத்த வாழை மரம் வாடுவதற்குள் மேஸ்திரி வந்து தட்டினார். முழுக்க டொக். விட்டத்தின் நடுவில் பெரிய பெருக்கல் குறி போட்டார்.

கான்ட்ராக்டர் ஆள் அனுப்பி அதன்மேல் பெயின்ட் அடித்தார். மேஸ்திரி மறுபடி போட்டார். அவர் மறுபடி அடித்தார். சிமெண்டைவிடப் பெயின்ட் அதிகமாகப் போட்ட கட்டடம் அதுவாகத்தான் இருக்கும். கடைசியில் கான்ட்ராக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. சுவரோரம் ஒன்றுக்குப் போகிறவர்களைத் தடுக்கச் சாமி டைல் ஒட்டுவது உங்களுக்குத் தெரியும். ஒரு மனிதன் தட்டிப் பார்ப்பதைத் தடுக்க ஒட்டியது எங்கள் ஊரில்தான். பிள்ளையார், சிலுவை, மசூதி என்று வரிசையாக மூன்று டைல், சரியாக மேஸ்திரி குறி போடும் இடத்தில்.

மேஸ்திரி கம்பியோடு வந்தார், பார்த்தார், கம்பியைக் கீழே இறக்கினார். சாமிமேல் அவருக்குப் பயமில்லை. சாமியைக் கம்பியால் அடித்தான் என்று ஊர் சொன்னால் என்ன நடக்கும் என்பது தெரியும். அதைவிட மோசம் அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. செல்வியக்கா மூன்று டைலுக்கும் பாரபட்சமில்லாமல் சாமந்திச் சரம் போட்டு, விளக்கு ஏற்றினார். அடுத்த வாரம் கூட்டம் வந்தது. பஸ்ஸுக்கு ஒருவரும் நிற்காத கூரைக்கடியில் சாமிக்கு இருபது பேர் நின்றார்கள். நான் பயந்து போய் வண்டியை எதிர்ப்பக்கம் நகர்த்தினேன். டீ வாங்கியவர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிக் கூரைக்கடியில் போய் நின்று குடித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் என் மகளும் தோழிகளும் அங்கேதான் கதை பேசினார்கள். வேண்டாம் என்றால், “உனக்கு எல்லாத்துக்கும் பயம்பா” என்றாள்.

மேஸ்திரி மூன்று நாள் வெளியே வரவில்லை. நாலாம் நாள், பேத்தமங்களா பக்கத்திலிருந்து மூன்று யூகலிப்டஸ் கட்டையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். சுரங்கத்தில் கொடுப்பது மாதிரியே விட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ஆப்பு வைத்து இறுக்கினார். சாமிமேல் ஒரு அடிகூடப் படவில்லை. லைனே அசந்துவிட்டது. மேஸ்திரி திருந்திவிட்டார், சாமிக்குக் கால் நட்டுவிட்டார் என்றார்கள். செல்வியக்கா ஆனந்தத்தில் மூன்று கட்டைக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். மேஸ்திரி ஈரத்துணியால் துடைத்தார்.

“ஏன் மேஸ்திரி, சாமி மேல கோவமா?” என்றார் செல்வியக்கா.

“கோவம் இல்லம்மா. மஞ்ச பூசினா கட்டையில விரிசல் வுட்டாத் தெரியாது. சாமிக்கு வை, கட்டைக்கு வெக்காத.”

அப்புறம் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ஒம்போது கட்டை வேணும் நைனா. பென்சன்ல மூணுதான் வந்துச்சு. முன்பக்கம் நிக்கும், பின்பக்கம் நிக்காது. சிமெண்டு சொல்லாம வுழும். கட்டை அப்பிடி இல்ல, பாரம் ஏறினா மொனகும், படபடன்னு பேசும். சொல்லிட்டுத்தான் கைய வுடும். டெய்லி காதை வெச்சிக் கேளு.”

நான் பயந்தவன், என்னை நம்பாதீர்கள், வேறு தைரியமான ஆளாகப் பாருங்கள் என்றேன்.

“தைரியசாலிங்க மூணு பேர நான் தூக்கிகினு மேல வந்துகீறேன். இதுக்குப் பயந்தவன்தான் வேணும். பயந்தவன்தான் கேப்பான்.”

என் பயத்தால் யாருக்காவது உபயோகம் உண்டு என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்த மாதக் கடைசியில் மேஸ்திரியை அவர் மகள் பெங்களூருக்கு அழைத்துப் போனாள். அங்கே அபார்ட்மெண்டில் தூண் தூணாகத் தட்டுவதாகவும், அசோசியேஷனில் மூன்று புகார் வந்திருப்பதாகவும் போனில் சொல்லிச் சிரித்தாள். நான் தினமும் காலை, மதியம், மாலை கட்டையைக் கட்டிக்கொண்டு காது வைத்தேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று லைனில் பேசினார்கள். நான் திருத்தவில்லை.

நாலு நாள் விடாமல் மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் காது வைத்திருந்த நடுக்கட்டை முனகியது. முதலில் மெல்ல, பிறகு காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி. விழப்போகிறது என்று கத்தினால் நகர மாட்டார்கள். வருஷத்துக்கு நாற்பது தடவை அப்படிச் சொல்கிறவன் நான். பிலிப் சார் பேப்பரைக்கூட மடிக்க மாட்டார். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

“பஸ் வருது! பஸ் வருது!”

அந்த ரோட்டில் பஸ். ஒன்பது பேரும் மழையென்றும் பார்க்காமல் அந்த அதிசயத்தைக் காண நடுரோட்டுக்கு ஓடினார்கள். செல்வியக்கா பூக்கூடையை விட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். எல்லோரும் ஒரு பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் இடி இறங்கியது. திரும்பினோம். கூரை கிரானைட் பெஞ்சின்மேல் படுத்திருந்தது. கட்டைகள் தாங்கிய முன் விட்டம் மட்டும் மூன்று டைலோடு நின்றது. அதற்கடியில் அந்த ஆடு செல்வியக்காவின் சாமந்தியைத் தின்றுகொண்டிருந்தது.

சாமிதான் என் நாக்கில் ஏறி பஸ் என்று சொன்னது என்றார் செல்வியக்கா. வெளியூர்க்காரர் மட்டும், அப்படியானால் பஸ் எப்போது வரும் என்று கேட்டார். என் சட்டைக் கையைப் பிடித்த என் மகள் வீடு போகிறவரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெங்களூருக்குப் போன் போட்டேன். மேஸ்திரி எடுத்தார். கூரை விழுந்துவிட்டது என்றேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை.

“ஆளுங்க?”

யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். அது அவருக்குப் போதவில்லை. பாறை விழுந்த நாட்களில் சும்மா தலையை எண்ணி விட மாட்டார்களாம். ஒவ்வொரு பெயராகக் கேட்பார்களாம். “பேர் சொல்லு” என்றார். செல்வியக்காவில் ஆரம்பித்து வெளியூர்க்காரர் வரை சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பக்கம் “ம்” என்றார். என் மகள் பெயருக்குக் கொஞ்சம் நீளமாக.

“கொழந்தைய எண்ணிட்டியா?”

“எண்ணிட்டேன். மொத்தம் ஒம்போது.”

“நீ எங்க இருந்த?”

“கட்டைகிட்டதான் மேஸ்திரி. காது வெச்சிகினு இருந்தேன்.”

மேஸ்திரி முதலிலிருந்து வாய்விட்டு எண்ணினார்.

“அப்ப பத்து” என்றார். “உன்ன வுட்டுட்டு எண்ணாத, நைனா.”