இயக்குநருக்கு ஒரு தனிச் சூரியன்

பொதுமக்கள் இனி வரிசையில் நிற்கக் கூடாது என்று சான்றிதழ் அலுவலகம் முடிவெடுத்தது. அந்த முடிவுக்கான கோப்பில் கையெழுத்து வாங்க ஓர் ஊழியர் ஏழு மேஜைகளின் முன்னால் பதினோரு நாள் வரிசையில் நின்றார்.

செல்போன் செயலி எழுத ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். எல்லோரும் அவளைக் கம்ப்யூட்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். போனைத் திறந்தால் வெள்ளைத் திரையில் ஓர் எண்: உங்களுக்கு முன்னால் இத்தனை பேர். அவ்வளவுதான்.

இயக்குநர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, மொட்டையா ஒரு நம்பர் மட்டும் நிக்குது?"

"அதுதானே சார் ஜனங்களுக்கு வேணும்?"

"பக்கத்து ஆபீஸ் ஆப்ல மீன் நீந்துதும்மா. மீனுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்ல. ஆனா நீந்துது. நம்ம ஆப்ல வரிசையே தெரியணும். தத்ரூபமா, நிழலோட!"

கம்ப்யூட்டரம்மா வெளியே சலித்துக்கொண்டாள். ஆனாலும் கை துறுதுறுத்தது. காட்சியை நொடிக்கு அறுபது தடவை வரைந்து தள்ளும் நிரலுக்கு ரெண்டரர் என்று பெயர். அப்படி ஒன்றைச் சொந்தமாக எழுத வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. நாலு மாதம் ஊண் உறக்கமில்லாமல் உழைத்தாள். திரையில் அலுவலகக் கூடம் வந்தது, மின்விசிறி சுழன்றது, ஜன்னல் வழியே வெயில் விழுந்தது. வரிசையில் ஆட்கள், போன் கேமரா பிடித்த அவரவர் உருவத்திலேயே, நின்றார்கள். வாசலில் இயக்குநரும் துணை இயக்குநரும் கைகட்டி வரவேற்றார்கள்.

அலுவலகக் கண்காணிப்பாளர்தான் குறையைக் கண்டுபிடித்தார். "சார், துணை இயக்குநர் நிழல் உங்க நிழலைவிட நீளமா இருக்கு."

"அவர் உயரமானவர் சார்," என்றாள் கம்ப்யூட்டரம்மா. "நிழலும் நீளமாத்தான் விழும்."

"பதவியில யாரும்மா உயரம்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

அதற்கு அறிவியலில் பதில் இல்லை. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு ஆணை பிறந்தது: "நிர்வாக நலன் கருதி, இயக்குநர் அவர்களின் தனி உபயோகத்துக்காகத் தாழ்வான சூரியன் ஒன்று கூடுதலாக ஒதுக்கீடு செய்யப்படுகிறது."

செயலி வெளிவந்தது. இரண்டு சூரியன் எரிந்தால் போன் சுடாமல் என்ன செய்யும்? பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. போன் அணைந்தால் "வரிசையைவிட்டு வெளியேறினார்" என்று பதிவாகும். மறுபடி கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஜனங்கள் சார்ஜரும் கையுமாக அலுவலகத்துக்கே வந்தார்கள். கூடத்தில் பிளக் பாயின்ட் இரண்டே இரண்டு. அவற்றுக்கான வரிசை தெருமுனைவரை போயிற்று.

கம்ப்யூட்டரம்மா நேரில் பார்க்க வந்தாள். பிளக்கின் அருகே ஒரு தையல்காரி போனைக் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நேத்து எனக்கு முன்னால நாலே பேரும்மா. போன் செத்துச்சு. உசிரு வந்து பார்த்தா இருநூத்திப் பத்து! சர்டிபிகேட்ல என் பேர்ல ஒரு எழுத்து தப்பு. இன்னைக்குத் திருத்தலேன்னா கிடைச்ச வேலை போயிடும். இப்ப மூணு பேர் இருக்காங்க. அதுக்குள்ள இது மண்டையைப் போட்டுடுமோன்னு இருக்கு."

கம்ப்யூட்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. அங்கேயே அந்தப் போனை வாங்கிப் பழைய செயலியை ஏற்றினாள். வெள்ளைத் திரையில் '3' என்று வந்தது. சூடும் தணிந்தது.

தையல்காரியின் முகம் வாடிப்போயிற்று. "இதுல நான் எங்கம்மா? நான் நிக்கவே இல்லையே!"

பின்னாலிருந்து ஒருவர் எகிறினார். "இல்லாதப்பட்டவங்கன்னா வெறும் நம்பர் போதுமா? நாங்களும் வரி கட்டறோம். எங்களுக்கும் ரெண்டு சூரியன் வேணும்!" வரிசை மொத்தமும் ஆமாம் போட்டது.

வேறு வழியில்லாமல் பழையபடி மாற்றிக் கொடுத்தாள். தையல்காரி திரையில் தன்னைத் தேடிப் பிடித்தாள்.

"அடேயப்பா! தோள்பட்டைத் தையல்கூடத் தெரியுதே! யாரு பண்ணினது?"

நாலு மாதத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டரம்மா உருகிப்போனாள். "நான்தான். இங்க பாருங்க, விசிறியோட நிழல் தோள் மேல போறப்போ மடிப்பு எப்படி அசையுதுன்னு..." என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சுற்றி இருபது தலைகள் குனிந்தன.

முன்னாலிருந்த மூவரும் போனபின், கவுண்டரிலிருந்து எழுத்தர் தையல்காரியின் பெயரைக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார். ஒருவரும் திரும்பவில்லை. "அழைத்தும் வரவில்லை" என்று எழுதிவிட்டு, அன்றைய நேரம் முடிந்ததென்று கதவைச் சாத்தினார்.

திரையில் தையல்காரி கவுண்டரை அடைந்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.