இடமாற்ற உயர்மட்டக் குழு

வீடு மாறியவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் உண்டு. ஆனால் மூட்டை கட்டுவது என்னும் சாதாரண உடலுழைப்பை ஒரு நிர்வாகக் கலையாக உயர்த்தியவர் ஒரே ஒருவர்தான். அந்த மாமனிதரோடு இருபத்தோரு வருஷம் குடும்பம் நடத்தும் பாக்கியம் டீச்சருக்கு வாய்த்திருந்தது.

டீச்சர் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். கணவர் ஒரு பெரிய அலுவலகத்தில் திட்ட அதிகாரி. கல்யாணமான புதிதில், "என்ன திட்டங்க?" என்று ஒருமுறை கேட்டாள். "திட்டம் போடுற திட்டம்" என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பதினொன்றுக்கு அடுத்த குடித்தனம் சாமானோடு வந்து இறங்கிவிடும். திட்ட அதிகாரி பதறவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து 'இடமாற்ற உயர்மட்டக் குழு'வை நிறுவினார். தலைவர், அவர். உறுப்பினர், கல்லூரியில் படிக்கும் மகள். செயலாளர் மற்றும் 'களப்பணி', டீச்சர்.

"என்னங்க, வரும்போது அட்டைப்பெட்டி பத்து வாங்கிட்டு வந்திருக்கலாமே?"

"அவசரப்படாதேம்மா. மொதல்ல பெட்டின்னா என்னன்னு நாம வரையறுக்கணும்."

"பெட்டின்னா பெட்டிதாம்ப்பா" என்றாள் மகள்.

உறுப்பினரின் கருத்து பதிவு செய்யப்பட்டு, ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது.

குழு நாள் தவறாமல் கூடியது. வீட்டிலுள்ள பொருட்கள் மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டன: உடையக்கூடியவை, உடையாதவை, உடைந்தாலும் பரவாயில்லாதவை. டீச்சரின் அண்ணன் வாங்கிக் கொடுத்த சுவர்க்கடிகாரம் விவாதமே இல்லாமல் மூன்றாவதில் சேர்ந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நிறம் என்று முடிவாயிற்று. மஞ்சளா வெளிர்மஞ்சளா என்பதில் வியாழக்கிழமை கழிந்தது.

இடையில் களப்பணியும் ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு கண்ணாடி டம்ளர்களைக் காகிதத்தில் சுற்றினாள். ஸ்டூல்மேல் ஏறித் திரைச்சீலைகளை அவிழ்த்தாள். புத்தகப் பெட்டியை அவளும் மகளும் கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு போனார்கள். பெட்டி சோபாவை நெருங்கியபோது, தலைவர் இரண்டு கால்களையும் மேலே தூக்கி முழு ஒத்துழைப்பு நல்கினார்.

சனிக்கிழமை அவரே களத்தில் இறங்கினார்.

அலுவலகத்தில் அவருக்கு 'விடுதலை மேலாண்மை' என்று ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு பொருளைக் கையில் எடுக்க வேண்டும். மனசு துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். துள்ளாவிட்டால் நன்றி சொல்லி வழியனுப்பிவிட வேண்டும். டீச்சர் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்த அரைமணி நேரத்தில் அவர் பதினாறு பொருட்களைக் கையில் எடுத்தார். ஒன்றுக்கும் மனசு துள்ளவில்லை.

"பாத்தியா? பதினாறு பொருளுக்கு விடுதலை!" என்று வாசலிலேயே வரவேற்றார்.

டீச்சர் கதவோரத்தைப் பார்த்தாள். "இங்க ஒரு துணிப்பை இருந்துச்சே?"

"அதுவா? பூராவும் எழுதித் தீந்த காகிதம். பழைய பேப்பர்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்."

"ஐயோ, அது புள்ளைங்க பரீட்சைப் பேப்பருங்க! நான் இன்னும் திருத்தவே இல்ல!"

"எழுதின காகிதத்துல மறுபடி யாரும்மா எழுத முடியும்? கொஞ்சம் யோசிச்சுப் பாரு..."

யோசித்துப் பார்க்க டீச்சர் அங்கே இல்லை. ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் மகளின் செருப்புமாக ஓடிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். அதில் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி, வருஷம் முழுக்க வெறும் தாளைக் கொடுத்தவள், இந்தத் தடவை கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதியிருந்தாள். பேப்பரைக் கொடுத்த அன்றைக்கே, "என்னோடத மொதல்ல திருத்துவீங்களா டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். அவளிடம் போய் என்ன சொல்வது?

மூன்றாவது தெருமுனையில், சலவைக்கடைக்கு எதிரில், வண்டி நின்றது.

"ஐயா ரொம்பப் பெரிய மனுஷரும்மா" என்றார் பேப்பர்காரர். "'இத்தனை நாள் உழைச்சதுக்கு நன்றி'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. என்னைத்தான் சொல்றாருன்னு நானும் 'பரவால்லீங்க'ன்னுட்டேன். அப்புறம் பாத்தா, பைகிட்ட பேசிட்டிருக்காரு."

டீச்சர் வண்டிமேலேயே ஏறிவிட்டாள். பழைய வாரப்பத்திரிகைகளுக்கும் ஓட்டை வாளிக்கும் அடியில் பை அகப்பட்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. ஆனால் சமையலறை இன்னும் பாக்கி இருந்ததால் அழுகையை ஒத்திவைத்துவிட்டு எழுந்தாள்.

அன்றைய குழுக் குறிப்பில் இது இப்படிப் பதிவாகியது: "பேரிடர் மீட்பு ஒத்திகை. முழு வெற்றி."

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. தலைவர் வாசல் நடுவில் நின்று கைகாட்டி வழிநடத்தினார். "சார், நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னா பீரோ வெளிய வந்துரும்" என்றார் லாரி டிரைவர். தள்ளி நின்றார். பீரோ வந்தது. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டீச்சர் சாவியைக் கொடுத்தாள்.

இந்தச் சாதனை ஒரு குடும்பத்தோடு முடங்கிவிடலாமா? திட்ட அதிகாரி தொண்ணூறு பக்க அறிக்கை தயாரித்தார். அதைப் படித்து மெய்சிலிர்த்த மேலதிகாரி, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அலுவலக அரங்கில் ஒரு சொற்பொழிவுக்கே ஏற்பாடு செய்துவிட்டார். முன்வரிசையில், 'திருமதி' என்று அட்டை வைத்த நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

திட்ட அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். வரைபடம் காட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும், அடுத்த மாதம் வீடு மாறவிருந்த தட்டச்சர் அம்மாள் எழுந்தார்.

"எல்லாம் நல்லா புரிஞ்சுது சார். ஒண்ணே ஒண்ணுதான். சாமானையெல்லாம் யாரு சார் கட்டினது?"

திட்ட அதிகாரி அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒரு தலைப்பே அதில் இல்லை. பிறகு பெருந்தன்மையோடு சிரித்தார்.

"ஓ, அதுவா? அதெல்லாம் வீட்டுல பாத்துக்கிட்டாங்க."

முன்வரிசையில் டீச்சர் எழுந்து, தட்டச்சர் அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அந்த வீடு நான்தாங்க" என்றாள்.